ஹாஜிரா பீ ஊசி போட்ட நாற்பது புழுக்கள்

கச்சேரி ரோட்டில் தேனும் அத்தரும் விற்றுவந்த மெஹபூப் பாஷாவின் கடைக்கு ஒரு திங்கட்கிழமை காலை, கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்து, புழுப் பிடித்த தேனடை இருக்கிறதா என்று கேட்டாள். 1933ஆம் வருஷம், ஆவணி மாதம்.

மெஹபூப் பாஷா அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள்.

"யாரு உன்னை அனுப்புனது? குளத்தாண்ட புதுசா தேன் விக்கிறானே, அவனா?"

"யாரும் அனுப்பலைங்க. எனக்குத்தான் வேணும்."

"இருவது வருசமா கடை வெச்சிக்கினு கீறேன். என் தேன்ல ஒரு எறும்பு கீதுன்னு எவனும் சொன்னதில்ல. காலங்காத்தால வந்து புழு கீதான்னு கேக்குறியே."

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் மரச்சட்டத்தில் வெல்வெட்டை இழுத்துக் கட்டி ஜரிகைப் பூ போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஹாஜிரா பீக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உருக்குவதற்காக என்று ஒதுக்கிவைத்த பழைய தேனடைகள் ஒரு கூடை நிறையக் கொல்லையில் கிடந்தன. தூக்கிப் போடுங்கள் என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பின்னால கூடையில கீதே, அது இன்னாவாம்?" என்று அவள் உள்ளிருந்தே கேட்டாள்.

மெஹபூப் பாஷா திரையைப் பார்த்தார். பிறகு வந்த பெண்ணைப் பார்த்தார். "அது விக்கிறதுக்கில்ல" என்றார் கௌரவமாக. "வேணும்னா சும்மா எடுத்துக்கினு போ."

இப்படித்தான் ஜெசிந்தா அந்த வீட்டுக்குள் வந்தாள். கூடையின் மூடியைத் திறந்ததும், கதம்பக் கூடையைத் திறந்தவள் மாதிரி முகம் மலர்ந்தது. மெழுகை அரித்து, வலை பின்னி, உள்ளே நெளிந்துகொண்டிருந்தன விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான வெளுத்த புழுக்கள். ஹாஜிரா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, இது எதற்கு என்று கேட்டாள்.

ஜெசிந்தாவின் அப்பா சாந்தோம் குப்பத்தில் கட்டுமரக்காரர். அம்மா மீன் கூடை சுமந்தவள். அவள் படித்துப் பட்டம் வாங்கி, அடையாற்றங்கரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தாள். மாணவிகளுக்குத் தவளை அறுத்துக் காட்டிய நேரம் போக மிச்ச நேரத்தில் அவளுக்கு ஒரே யோசனைதான்: புழுவுக்கு நோய் வந்தால் அது எப்படித் தப்பிக்கிறது?

"நமக்கு அம்மை குத்துறாங்கல்லக்கா. குத்திட்டா அப்புறம் அம்மை வந்தாலும் ஒண்ணும் பண்றதில்ல. அதே மாதிரி புழுவுக்கும் உண்டுன்னு பிரான்சுல ஒருத்தர் எழுதியிருக்கார். கான்வென்ட்ல ஒரு சிஸ்டர்கிட்ட உக்காந்து வரி வரியாப் படிச்சேன். கிருமியைக் கொதிக்கவெச்சு, செத்த கிருமியை இன்னிக்கு ஊசியில ஏத்தணும். நாளைக்கு உசுரு உள்ள கிருமியை ஏத்தணும். புழு பொழைச்சிக்கும்."

"பொழைச்சிதா?"

"எங்க. எல்லாம் செத்துத்தான் போச்சு."

அதற்குப் பிறகு ஜெசிந்தா வாரா வாரம் வந்து புழு எடுத்துப் போனாள். மூன்றாவது வாரம் வந்தவள் கூடையைக்கூடத் திறக்கவில்லை. ஹாஜிரா கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். செத்த கிருமியைக் குத்தினாலும் சாகிறது, வெறும் உப்புத் தண்ணீரைக் குத்தினாலும் சாகிறது, ஒன்றுமே இல்லாத ஊசியைக் குத்தினாலும் சாகிறது என்றாள். "கிருமியால சாவுதா, என் கையால சாவுதான்னே தெரியல. மீன் அறுத்த கைதானேக்கா இது."

"எப்படிக் குத்துற, காட்டு."

ஜெசிந்தா பையிலிருந்து ஒரு கண்ணாடி ஊசியை எடுத்தாள். மெல்லிய கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி மயிரிழையாக இழுத்தது. மறுமுனையில் சின்ன ரப்பர் குமிழ். ஒரு புழுவை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, நடு வயிற்றில் நேராக இறக்கினாள். புழு திமிறியது. ஊசி முனையைச் சுற்றிப் பச்சையாக ஏதோ கசிந்தது.

ஹாஜிராவுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. "அது தின்ன மெழுகு வெளிய வருதுடி. குடலைக் குத்திட்டே. எங்க வேலையில அஸ்தர்னு ஒண்ணு உண்டு, உள் துணி. பூ போடும்போது ஊசி மேல் துணியை மட்டும்தான் எடுக்கணும், அஸ்தரைத் தொடக் கூடாது. தொட்டா ரெண்டும் சேந்து சுருங்கிக்கும். இங்க கொண்டா."

சட்டத்திலிருந்து வெட்டிப்போட்ட வெல்வெட் துண்டு ஒன்றை நனைத்து, அதன் மேல் புழுவை விட்டாள். விரலால் அழுத்திப் பிடிக்கவில்லை. வெல்வெட்டின் ஈரம் பட்டதும் புழு கொஞ்ச நேரம் சுருண்டது, பிறகு நிதானமாக நீண்டது. நீளும் வரை ஹாஜிரா காத்திருந்தாள். நீண்டதும் இடது சுண்டுவிரலால் அதன் முதுகை லேசாகத் தொட்டு, பின்பக்கம், சதை முனை மாதிரி இருந்த ஒரு கட்டைக்காலின் அடியில் ஊசியைப் படுக்கை வாட்டில் நுழைத்து எடுத்தாள். புழு ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு வெல்வெட்டின் ஓரத்தை நோக்கித் தன் வழியில் போயிற்று.

ஜெசிந்தா அந்தப் புழுவை ஒரு சிமிழில் போட்டு எடுத்துப் போனாள். மறுநாள் கல்லூரிக்குப் போகும் வழியில் கடை வாசலில் நின்று, "அது மெழுகு தின்னுக்கினு கீதுக்கா" என்று திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே சொன்னாள்.

ஊசி போட்டுத் தர ஹாஜிரா பீ கல்லூரிக்கு வர வேண்டும் என்று ஜெசிந்தா கேட்டபோது மெஹபூப் பாஷாவுக்கு இரண்டு ஆட்சேபணைகள் இருந்தன. ஒன்று கோஷா. அதை அவரே யோசித்துத் தீர்த்துக்கொண்டார்: பெண்கள் கல்லூரி, திரை போட்ட ஜட்கா வண்டி, ஆண் யாராவது வந்தால் முகத்தை மூடிக்கொள்ளலாம், வேலைக்குக் கண் தெரிந்தால் போதும். இன்னொன்று கிருமி. அது எந்தக் கிருமி, வாந்திபேதிக் கிருமியா என்று ஜெசிந்தாவைக் குடைந்தார். செத்துப்போன ஒரு புழுவிலிருந்து எடுத்த கிருமிதான், அது புழுவைத் தவிர வேறு யாரையும் ஒன்றும் செய்யாது என்று அவள் சத்தியம் செய்தாள். ஆனாலும் ஹாஜிரா வேலை முடிந்து கையில் கார்பாலிக் சோப்பு வாசனையோடு வீட்டுக்கு வந்த முதல் நாள், அவர் அத்தர் குப்பியைத் திறந்து அறை நான்கு மூலையிலும் தெளித்தார்.

அடையாறு கிட்டத்தில் ஓடுவது தெரியும் ஒரு பழைய பங்களாவில் இருந்தது கல்லூரி. சோதனைச்சாலை அதன் சமையல்கட்டில். ஜெசிந்தா அவளுக்கு முதலில் காட்டியது மைக்ராஸ்கோப்பை. ஒரு புழுவுக்கு முன்னதாகவே ஓவியர்கள் பயன்படுத்தும் கறுப்பு மையைத் தண்ணீரில் கரைத்து ஏற்றிவைத்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அதன் கால் நுனியைக் கத்தரித்தாள். வந்த சொட்டு சிவப்பாக இல்லை, வெளிர் மஞ்சள்.

ஹாஜிராவுக்கு எந்தக் கண்ணை மூடுவது என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிடிபட்டதும் இன்னும் கிட்டே குனிந்தாள். வட்ட வெளிச்சத்துக்குள் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் மாதிரி ஏதோ மிதந்தன. பல மணிகளின் வயிற்றுக்குள் கறுப்புத் தூள் அடைந்து கிடந்தது.

"மையைத் தின்னுடுச்சா?"

"தின்னுடுச்சு. ரத்தத்துல இருக்குற உயிரணு அதெல்லாம். வெளியிலேர்ந்து எது வந்தாலும் தின்னும். இதையும் பாரு."

அடுத்த கண்ணாடித் தகட்டில் கிருமி ஏற்றிய புழுவின் ரத்தம். அங்கே குச்சி குச்சியாகக் கிருமிகள் இருந்தன. அவற்றைச் சுற்றி அந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாக நின்றன. சில கும்பல்களின் நடுப்பாகம் பழுப்பாகக் கறுத்திருந்தது.

ஹாஜிரா வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தபோது கேட்டாள்: "இதுக்குக் கண்ணு கிடையாது, காது கிடையாது. தன்னோடது எது, வெளியில இருந்து வந்தது எதுன்னு எப்படி கண்டுபிடிக்குது? தன் குடலையே தின்னாம இருக்குதே."

"அதான் எனக்கும் தெரியணும். பிரான்சுலயும் யாருக்கும் தெரியாது."

"செத்த கிருமியைப் பாத்துட்டு உசுரு உள்ளதை அடையாளம் கண்டுக்குதுன்னு சொல்றியே. கொதிக்கவெச்ச பிறகு அதுல இன்னா மிச்சம் இருக்கும்?" அவளே கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "துணியை வெந்நீர்ல போட்டாலும் மேல போட்ட பூ எங்கியும் போவாது. அந்த மாதிரி ஏதாச்சும் இருக்குமோ."

ஜெசிந்தா அதை அப்படியே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

புரட்டாசி முழுவதும் வாரத்தில் மூன்று நாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஹாஜிரா ஜட்கா ஏறினாள். இப்போது ஊசியால் ஒரு புழுவும் சாகவில்லை. முதல் நாள் செத்த கிருமி வாங்கிக்கொண்ட புழுக்கள் மறுநாள் உயிருள்ள கிருமியையும் தாங்கின. முன்னதாக ஒன்றும் வாங்காத புழுக்கள் ஒரே நாளில் கறுத்துத் தொளதொளவென்று செத்துக் கிடந்தன. ஜெசிந்தா எண்ணிக்கை எழுதும்போது மெதுவாகப் பாடுவாள், கடற்கரையில் வலை இழுப்பவர்கள் பாடும் மெட்டில்.

ஆனால் இதைப் பற்றி ஜெசிந்தா எழுதும் கட்டுரை வெளியே போக வேண்டுமென்றால் புரொபசர் கங்காதரன் சரியென்று சொல்ல வேண்டும். கல்லூரி நிர்வாகம் அவரிடம்தான் கருத்துக் கேட்டிருந்தது. மயிலாப்பூர்க்காரர், வேறொரு பெரிய கல்லூரியில் விலங்கியல் துறைக்குத் தலைவர், ஐம்பது வயதிருக்கும். ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழைக்கு நடுவில் குடையோடு வந்தார். ஜெசிந்தாவின் நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். ஹாஜிரா முகத்திரையை இறக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நம்ம ரத்தத்துல நோயை எதிர்க்கிற வஸ்து ஒண்ணு உண்டாறது. அதைப் பூச்சி ரத்தத்துல தேடித் தேடிப் பாத்தாச்சு, கிடைக்கலை" என்றார். "அப்படி இருக்கச்சே ஒரே நாள்ல இது எப்படிக் கத்துண்டுடும்? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனா நீங்க எழுதியிருக்கற நம்பர் பொய்யாவும் தெரியலை."

ஊசி போடுவதைத் தானே செய்து பார்க்க விரும்பினார். கோட்டைக் கழற்றினார். முதல் புழு பச்சையாகக் கசிந்தது. இரண்டாவதும் கசிந்தது. மூன்றாவது வெல்வெட்டிலிருந்து உருண்டு அவர் செருப்புக்குள் விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே ஊசியை ஹாஜிராவின் பக்கம் நீட்டினார்.

"உங்க கை எனக்கு வராது. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கப்படாது. இது பொழைக்கணும்னு உங்க ரெண்டு பேருக்கும் ஆசை. ஆசை இருந்தா கை தன்னை அறியாம கொஞ்சம் கம்மியா அழுத்தும். எனக்கும் அப்படித்தான், எல்லாருக்கும் அப்படித்தான். அதனால எது எந்தப் புழுன்னு உங்களுக்குத் தெரியாம பண்ணிப் பாக்கலாம். இன்னிக்கு இருபது புழுவுக்குச் செத்த கிருமி போடுங்கோ. நாளைக்கு நான் வந்து, அதோட புதுசா இருபதைக் கலந்து நம்பர் போட்ட குழாய்ல அடைச்சுத் தரேன். லிஸ்ட் என் பையில இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சாகணும். சனிக்கிழமை நான் பெங்களூர் ரயில் ஏறணும்."

புதன்கிழமை அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பது கண்ணாடிக் குழாய்கள், நாற்பது நம்பர்கள். ஜெசிந்தாவை ஜன்னல் பக்கம் நிற்கவைத்தார். ஹாஜிரா வெல்வெட்டை நனைத்து விரித்து, முதல் குழாயிலிருந்து புழுவை விட்டாள்.

ஒன்று, இரண்டு. வழக்கம்போல் நடந்தது. மூன்றாவது புழு நீண்டபோது, கட்டைக்காலின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கசகசாவில் பாதிகூட இருக்காது. நேற்று அவள் ஊசி நுழைந்த இடம். காயத்தை அடைக்கப் புழுவே வைத்துக்கொண்ட பொட்டு அது. அப்படியானால் இது நேற்றையது.

நான்காவதில் புள்ளி இல்லை. ஐந்தாவதில் இல்லை. ஆறாவதில் இருந்தது.

அவள் கண்ணைப் புள்ளியிலிருந்து அகற்றிப் பார்த்தாள். பார்க்க வேண்டாம் என்று நினைக்க நினைக்க அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ரப்பர் குமிழை ஒரே மாதிரிதான் அழுத்துகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவளுக்குத் தன் கையைப் பற்றி ஒன்று தெரியும். மனசுக்குப் பிடித்தவர்களின் ரவிக்கைக்குப் பூ போடும்போது தையல் தானாகவே நெருக்கமாக விழும். பிடிக்காதவர்களுக்கு, எவ்வளவு கவனமாக இருந்தாலும், ஒரு நூல் விலகும். இருபது வருஷமாக அப்படித்தான். எட்டாவது புழுவில் புள்ளி இருந்தது. குமிழை அழுத்தியபோது ஒரு கணம் தயங்கினோமா? தயங்கவில்லை என்று சத்தியம் செய்ய அவளால் முடியாது.

ஜன்னல் பக்கம் ஜெசிந்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நாளை மறுநாள் இது முடிந்தால் கட்டுரை போகும். யாரும் எதையும் கண்டுபிடிக்கப்போவதில்லை. புரொபசர் தன் கையாலேயே இந்தப் புழுக்களைக் குழாயில் போட்டவர், அவர் கண்ணிலேயே படவில்லை.

பதினோராவது புழுவை வெல்வெட்டில் விட்டுவிட்டு ஹாஜிரா ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஐயா, நிறுத்திக்கிறேன்."

"ஏன், கை வலிக்கறதா?"

"இல்லீங்க. எது எதுன்னு எனக்குத் தெரியுது."

ஜெசிந்தா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். புரொபசர் எழுந்து வந்தார். ஹாஜிரா விரலால் காட்டினாள். அவர் பையிலிருந்து லென்ஸை எடுத்து, மேஜை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். மூன்றாம் நம்பரைப் பார்த்தார், ஆறைப் பார்த்தார், எட்டைப் பார்த்தார், பையிலிருந்த லிஸ்டை எடுத்து ஒத்துப்பார்த்தார்.

"மூணும் சரி" என்றார் மெதுவாக. "முப்பது வருஷமா பூச்சியைப் பாத்துண்டிருக்கேன். இந்தப் புள்ளி எனக்குத் தோணவே இல்லை. சொல்லாம இருந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டுண்டு போயிருப்பேன்."

"சொல்லாம இருந்தா என்னால இவகூட உக்காந்து டீ குடிக்க முடியாதுங்க" என்றாள் ஹாஜிரா.

ஜெசிந்தா எழுந்து நோட்டுப் புத்தகத்தை மூடினாள். "எல்லாத்தையும் மறுபடி ஆரம்பிக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க முடியும்?"

"இன்னிக்கே ஆரம்பிச்சா முடியாதா?" என்றாள் ஹாஜிரா. "புள்ளி பாதிக்கு மட்டும் இருந்தாத்தானே தெரியுது. எல்லாத்துக்கும் புள்ளி வெச்சிடுவோம். இன்னிக்கு நாப்பதுக்கும் நான் குத்துறேன். பாதிக்குச் செத்த கிருமி, பாதிக்கு சும்மா உப்புத் தண்ணி. எதுல இன்னா கீதுன்னு எனக்குச் சொல்லாதீங்க. நாளைக்கு எல்லாத்துக்கும் உசுரு உள்ளதை ஏத்திடலாம்."

புரொபசர் லென்ஸை மடித்துப் பைக்குள் போட்டார். "இதை நான்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார்.

புதுப் புழு எண்ணிப் பார்த்தால் பதினான்குதான் தேறியது. கல்லூரித் தோட்டக்காரரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துக் கச்சேரி ரோட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மணிக்கு ஒரு ஜட்கா வந்து நின்றது. தோட்டக்காரருக்குப் பக்கத்தில் மெஹபூப் பாஷா தானே உட்கார்ந்திருந்தார். மடியில் கூடை, அதன் மேல் மழைக்குப் போர்த்திய தன் கோட்டு. சொட்டச் சொட்ட நனைந்த மனிதர் கூடையைப் புரொபசரின் முன்னால் வைத்தார்.

"நல்ல புழுங்க. எல்லாம் அசல் மலைத்தேன் அடை தின்னு வளந்தது" என்றார். "மெட்ராஸ்ல வேற எந்தக் கடையிலயும் இந்த மாதிரி கிடைக்காது."

"பாத்தாலே தெரியறது" என்றார் புரொபசர்.

அன்றைக்கு விளக்கேற்றும் முன்பே நாற்பதும் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் புரொபசரே முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடி ஊசியை நிரப்பி, திரும்பி ஹாஜிராவின் கையில் கொடுத்தார். குத்தியவுடன் புழுவை வாங்கி நம்பர் போட்ட குழாயில் அடைத்தார். ஹாஜிராவுக்கு எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கை தன் பாட்டுக்குப் போயிற்று. மெஹபூப் பாஷா தாழ்வாரத்தில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டு, தோட்டக்காரருக்குத் தேனில் கலப்படம் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை நாற்பது புழுக்களுக்கும் ஒரே புட்டியிலிருந்து உயிருள்ள கிருமி. எல்லாவற்றின் காலடியிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. ஹாஜிரா வேண்டுமென்றே தேடிப் பார்த்தாள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஹாஜிரா வந்தபோது மற்ற இருவரும் குழாய்களை வைத்திருந்த வெப்பப் பெட்டியைத் திறக்காமல் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஜெசிந்தா இரவு சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. புரொபசர் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்ட, ஜெசிந்தா நம்பரைச் சொல்லி, இருக்கிறது, போய்விட்டது என்று எழுதினாள். நாற்பதும் எழுதி முடித்த பிறகுதான் அவர் லிஸ்டை வெளியே எடுத்தார்.

செத்த கிருமி வாங்கியவை இருபது. அதில் பதினெட்டு உயிரோடு இருந்தன. உப்புத் தண்ணீர் வாங்கியவை இருபது. அதில் பதினைந்து கறுத்துக் கிடந்தன.

ஜெசிந்தா பென்சிலைக் கீழே போட்டுவிட்டு ஹாஜிராவைக் கட்டிக்கொண்டாள். முகத்திரை, கண்ணாடி எல்லாம் கோணிக்கொண்டன. புரொபசர் லிஸ்டை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.

"பூச்சி கத்துக்கறது" என்றார். "எப்படிக் கத்துக்கறதுன்னு எனக்குத் தெரியலை. ஆனா கத்துக்கறது. நான் நினைச்சுண்டிருந்தது தப்பு." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. ஒரு நல்ல விருந்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார். கோட்டை எடுத்தவர் மறுபடி வைத்துவிட்டார். "இருங்கோ. உப்புத் தண்ணி வாங்கினதுல அஞ்சு ஏன் பொழைச்சுது?"

ஜெசிந்தாவின் சிரிப்பு நின்றது. அவளும் குனிந்து லிஸ்டைப் பார்த்தாள். இதற்கு முந்தைய சோதனைகளில், முதல் நாள் ஊசியே படாத புழுக்கள் ஒன்றுகூடத் தப்பியதில்லை. நோட்டைப் புரட்டினாள். ஒன்றுகூட இல்லை.

"ஊசி உள்ள போச்சுல்ல" என்றாள் ஹாஜிரா, கொஞ்சம் தயங்கி. "யாரோ வந்துட்டாங்கன்னு அதுக்கு முழிப்பு வந்திருக்கும். வந்தது யாருன்னு தெரிஞ்சிருக்காது. முழிச்சிக்கினு இருந்ததால சிலது தப்பிச்சிருக்கும்."

புரொபசர் அவளைப் பார்த்தார். "அதை எப்படிச் சோதிச்சுப் பாக்கறது?"

"வெறும் ஊசியால குத்தி, ஒரு நாள், ரெண்டு நாள், மூணு நாள்னு விட்டுப் பாக்கலாம் சார்" என்றாள் ஜெசிந்தா. "எவ்வளவு நாள் முழிச்சிக்கினு இருக்குதுன்னு." புரொபசரின் முன்னால் குப்பத்துப் பேச்சு வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை. குழாய்களை எண்ணத் தொடங்கியிருந்தார்.

அவர் பெங்களூருக்குப் போனது செவ்வாய்க்கிழமை. மார்கழியில் ஜெசிந்தாவின் கட்டுரை ஒரு விஞ்ஞானக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, பங்குனியில் அச்சில் வந்தது. அடிக்குறிப்பில், ஊசிகள் அனைத்தையும் போட்டவர் மயிலாப்பூர் ஹாஜிரா பீ என்றும், கறுப்புப் புள்ளியைக் கண்டு சோதனை முறையைத் திருத்தியவரும் அவரே என்றும் இருந்தது. ஜெசிந்தா அதைத் தமிழில் படித்துச் சொன்னாள். மெஹபூப் பாஷா அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டுவேன் என்றார். புழு என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் தேன் கடையில் மாட்டினால் யார் வருவார்கள் என்று ஹாஜிரா கேட்ட பிறகு, உள்ளே மாட்டினார்.

வெறும் ஊசி கொடுத்த விழிப்பு ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை என்று அடுத்த மழைக்காலத்துக்குள் அவர்கள் கண்டார்கள். செத்த கிருமி கொடுத்தது அதைவிட நாள்பட நின்றது. ஏன் என்று தெரியவில்லை. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், தேநீரும் பிஸ்கோத்தும் நடுவில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.